சூர்ப்பணகை வரும் பதினாறு சீர்: எல்லையூர்ப் பள்ளியில் பாவைக்கூத்து மாலை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பாரதப்புழையை ஒட்டிய பத்ரகாளி கோயில்களில் தை மாதம் தொடங்கி வைகாசி வரை, கோயிலுக்குக் கோயில் நாள் மாற்றி, கம்பன் பாட்டு விடிய விடிய ஒலிக்கிறது. பாடுபவர்கள் வீட்டில் மலையாளம் பேசுபவர்கள். பாட்டு தமிழ். ஊர் அவர்களைப் புலவர் என்றுதான் அழைக்கிறது. தோற்பாவைக்கூத்து என்று பெயர் பெற்ற இந்தக் கலையின் தலைமாட்டில், சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கம்பன் என்பவர் தேர்வுக்கு மனப்பாடம் செய்யவேண்டிய செய்யுள். கூத்து என்பது சுற்றுலாச் சுவரொட்டியில் இருக்கும் படம்.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு மாலை நிகழ்ச்சியாக எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. கையில் இருக்கவேண்டியவை: ஒரு மடிக்கணினி, பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் புரொஜெக்டர், இரண்டு மூன்று கைபேசிகள், சில நூறு ரூபாய்க்கு மோட்டாரும் கம்பியும், ஒரு எட்டு முழ வேட்டி. ஆசிரியர்கள், வாசகசாலைக்காரர்கள், பெற்றோர் சங்கத்தில் சற்று வேலை செய்யத் தயாராக இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்பாட்டு நிகழ்ச்சிகளில் தொழில்நுட்பம் சேர்ப்பது என்றாலே பலர் பெரிய திரை, கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் காட்சி என்று போய்விடுகிறார்கள். பிள்ளைகள் ஐந்து நிமிடம் வாய் பிளந்து பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கருவியைச் செய்வது பிள்ளைகளாக இருந்தால்தான் பாட்டு உள்ளே போகும். ஒரு பாவையின் கழுத்தை எந்தச் சீரில் திருப்புவது என்று முடிவு செய்வதற்கு அந்தச் சீருக்குப் பொருள் தெரிந்தாக வேண்டும். விளையாட்டும் பாடமும் ஒட்டுகிற இடம் அதுதான். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடத்தை நோக்கித்தான் போகின்றன.

படி 1: கருவி எதுவும் இல்லாமல் ஒரு இரவு

வேலையைத் தொடங்குவதற்கு முன் உண்மையான கூத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பாலக்காட்டிலிருந்து ஷொர்ணூர் சுமார் 45 கிலோமீட்டர். ரயிலும் பஸ்ஸும் நிறைய. ஷொர்ணூர் அருகே ஆரியங்காவில் நடக்கும் கூத்து பெயர்பெற்றது. கோயிலைப் பொறுத்து 7, 14, 21, 41 நாள் என்று நடக்கும். 71 நாள் நடக்கும் மரபும் உண்டு. நாள் குறிப்பைக் கோயிலில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போனால் எதைப் பார்ப்பது? கோயிலை நோக்கியபடி தனியே கட்டிய கூத்துமாடம் இருக்கும். மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாகத் துணி கட்டியிருப்பார்கள். அதன் பெயர் ஆயப்புடவை. அதன் பின்னால் விளக்குமாடத்தில் 21 விளக்குகள், தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றியவை. நெருப்பு கோயிலுக்குள்ளிருந்து வரும். மான் தோலில் செய்த பழைய பாவைகளும் ஆட்டுத்தோலில் செய்த புதியவையும் துணியோடு ஒட்டி நின்று அசையும். தோல் தடிமனாக இருப்பதால் நிழல் கறுப்பாகவே விழும். உளியால் குத்திய துளைகளில் மட்டும் ஒளி நகையாக மின்னும். ஆந்திரத்துத் தோலு பொம்மலாட்டம் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே படும். அங்கே தோலைக் கண்ணாடிபோல் மெலிதாக்கிச் சாயம் ஏற்றுவார்கள். நிழல் சிவப்பும் பச்சையுமாக விழும். பாவை ஆள் உயரம்கூட இருக்கும்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்தக் கூத்து நமக்காக நடப்பதில்லை. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளியால் இராம இராவணப் போரைப் பார்க்க முடியாமல் போய்விட்டதாம். அதனால் அவளுக்கு ஆண்டுதோறும் காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். எதிரே ஒருவர்கூட இல்லாவிட்டாலும் புலவர்கள் பாடுவார்கள், விளக்கம் சொல்வார்கள், தங்களுக்குள் வாதம் செய்வார்கள். ஒரே பாட்டுக்கு வெகுநேரம் விரிவுரை ஓடும். இலக்கணம், வைத்தியம், சோதிடம் எல்லாம் இடையில் வரும். பாவைகள் அதுவரை அசையாமல் நிற்கும். வேகமான காட்சி எதிர்பார்த்துப் போகும் பிள்ளை தூங்கிவிடும். தூங்கட்டும், அங்கே தூங்குவதும் மரபுதான்.

அன்றிரவு கைபேசி பையிலேயே இருக்கட்டும். படம் பிடிப்பது படி 3க்குப் பிறகு.

படி 2: ஒரே ஒரு பாட்டு

இராமாயணம் முழுவதையும் ஒரு மாலைக்குள் அடக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். கம்பனில் பத்தாயிரத்துக்கும் மேல் பாட்டுகள் இருக்கின்றன. ஒன்றை எடுங்கள். நான் பரிந்துரைப்பது ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை அழகிய பெண்ணாக உருமாறி இராமன் முன் நடந்து வரும் பாட்டு:

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம னுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடிய ளாகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.

ஏன் இது? நான்கு அடி, அடிக்கு நான்கு சீர், ஆகப் பதினாறு சீர். ஒவ்வொரு அடியிலும் முதல் மூன்று சீர் ஓடுகிறது, நான்காவது சீர் சற்றுக் குறுகி நிற்கிறது. நடக்கிறாள், நடக்கிறாள், நடக்கிறாள், நிற்கிறாள். வாய்விட்டுப் படித்தாலே கொலுசு கேட்கும். பாவைக்கும் மோட்டாருக்கும் இதைவிடத் தெளிவான குறிப்பு யாராலும் எழுதித் தர முடியாது.

பொருளையும் பிள்ளைகளே பிரிக்கட்டும். செம்பஞ்சு பூசி ஒளிர்கிற, குளிர்ந்த தளிரும் வருந்தும்படியான அடி. செந்தாமரை போன்ற சிறிய பாதம். மயில்போல, அன்னம்போல, மின்னுகிற வஞ்சிக்கொடிபோல. இவ்வளவும் அழகு. அடுத்த சீரில் கம்பன் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ‘நஞ்சம் என’ என்று வைத்துவிட்டு, அதே நடையில் மேலே போய்விடுகிறான். மேடையில் பாவை அந்த ஒரு சீருக்கு என்ன செய்யவேண்டும் என்று வகுப்பில் கேளுங்கள். தலை சட்டென்று திரும்ப வேண்டும் என்பான் ஒருவன். ஒன்றுமே மாறக்கூடாது, மாறினால் இராமனுக்குத் தெரிந்துவிடும் என்பாள் இன்னொருத்தி. இந்தச் சண்டையை நீங்கள் தீர்த்துவைக்காதீர்கள். ஒரு வாரம் ஓடட்டும். இலக்கிய வகுப்பு என்று பெயர் வைத்தால் வராத விவாதம் மோட்டாரின் பெயரால் வந்துவிடும்.

பாட்டின் மூலத்தை 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலோ இலவசமாக எடுக்கலாம். புலவர்கள் பாடும் பாடத்தில் சொற்கள் சில இடங்களில் வேறுபடும். கம்பன் பாட்டுகளைத் தேர்ந்து கூத்துக்கென்று கோத்த தொகுப்பை ஆடல்பற்று என்கிறார்கள். அது ஏட்டிலும் வாய்வழியிலும் வந்தது. எது சரி என்று திருத்தப் போகாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டுங்கள்.

மலையாளத்தில் எழுத்தச்சனின் அத்தியாத்ம ராமாயணத்தைப் பிள்ளைகளில் பலர் அண்டை வீட்டில் கர்க்கடக (ஆடி) மாதம் முழுக்கக் கேட்டிருப்பார்கள். எழுத்தச்சனின் குருமடம் சித்தூரிலேயே, சோகநாசினி ஆற்றின் கரையில் இருக்கிறது. எனவே இந்தத் தாலுகாவுப் பிள்ளை இரண்டு இராமாயணங்களுக்கு நடுவில் வளர்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தால் போதும், பெருமை தானாக வரும்.

படி 3: அனுமதியும் காசும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தவிர்க்க முடியாது. கம்பன் பாட்டுக்குப் பதிப்புரிமை கிடையாது. புலவர் பாடும் பாட்டுக்கு அவருக்கு உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 38, நிகழ்த்துகிற கலைஞருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. அவர் சம்மதம் இல்லாமல் ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்யக்கூடாது. ஆகவே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எதைப் பதிவு செய்கிறோம், எங்கே போடுவோம், எங்கே போடமாட்டோம், எவ்வளவு கொடுக்கிறோம். தாள் மலையாளத்தில் இருக்கட்டும். கோயில் வளாகத்தில் பதிவு செய்வதானால் கோயில் கமிட்டியிடமும் தனியே கேட்கவேண்டும். கூத்துமாடத்துக்குள் ஏறவேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பள்ளிக்கு என்றால் இலவசமாகச் செய்வார்கள் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. மைக் செட்காரருக்குக் கொடுக்கிறோம், பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம். இரவெல்லாம் கண் விழித்துப் பாடுபவருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்துகிறோம்.

படி 4: ஒலிப்பதிவு

மாலை நிகழ்ச்சியின் முதுகெலும்பு படமல்ல, குரல். புலவர் ஒருவர் இந்த ஒரு பாட்டை மூன்று வேகத்தில் பாடித் தந்தால் வேலை பாதி முடிந்தது. கோயிலில் செண்டையும் இலத்தாளமும் ஒலிக்கும்போது பதிவு செய்ய நினைக்காமல், பகலில் அவர் வீட்டுத் திண்ணையிலோ பள்ளியிலோ பதிவு செய்யுங்கள்.

நம் ஊரில் ஒலிப்பதிவுக்கு முதல் எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் மலைத்தொடரில் பெரிய இடைவெளி. தை, மாசியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியே வீசிக்கொண்டே இருக்கும். காதுக்குப் பழகிவிட்டதால் நமக்குத் தெரியாது. பதிவைக் கேட்டால் புலவர் குரலுக்குக் கீழே லாரி ஓடுவதுபோல் இருக்கும். கைபேசி மைக்கின் மேல் மெல்லிய ஸ்பாஞ்சு ஒன்றைச் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சுவரில் எதிரொலி இருந்தால் அவருக்குப் பின்னால் இரண்டு போர்வையைக் கொடியில் போடுங்கள். பாடுபவர் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு முழம் இடைவெளி. நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக் காற்று மோதாது.

செயலியில் தேர்வு இருந்தால் சுருக்கப்படாத வேவ் வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒலி அளவுக் கோடு உச்சியைத் தொடக்கூடாது. மைனஸ் 12 டெசிபல் சுற்றுவட்டாரத்தில் ஆடினால் போதும். புலவர்கள் கடைசி அடியில் குரலைத் தூக்குவார்கள், அதற்கு இடம் வைக்கவேண்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் ஒருவர் சொல்லட்டும். பத்து ஆண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அதுதான் துணை.

அடுத்து மடிக்கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் பதிவைத் திறந்து, ஒவ்வொரு சீரும் தொடங்கும் இடத்தில் ஒரு குறிப்புச் சீட்டுப் போடுங்கள். பதினாறு சீட்டு. பிறகு குறிப்புகளை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்தால், எந்த நொடியில் எந்தச் சீர் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சீர் எங்கே பிரிகிறது என்று தெரியாமல் சீட்டுப் போட முடியாது. யாப்பிலக்கணம் முதல்முறையாக அவர்களுக்குப் பயன்படும்.

படி 5: பாவை, திரை, விளக்கு

எட்டு முழ வேட்டியைப் பிரித்து ஒற்றை மடிப்பாக இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினால் திரை தயார். சுருக்கம் இருக்கக்கூடாது, கீழ் ஓரத்தில் மூங்கில் கோல் ஒன்றைச் செருகினால் தொய்யாது.

பாவைக்குத் தோல் வேண்டாம். தடித்த கறுப்பு அட்டை போதும். வரைந்து, வெட்டி, நகைக்குத் துளை போடவேண்டும். காகிதத் துளைப்பானின் வட்டத்தோடு கூர்மையான கத்தியால் வெட்டும் பிறை, கோடு, நெல்மணி வடிவங்களும் வேண்டும். வட்டம் மட்டும் இருந்தால் அம்மை போட்டதுபோல் இருக்கும். கையை முழங்கையில் தனித் துண்டாக வெட்டிப் பித்தளைப் பின்னால் கோத்தால் அசையும்.

விளக்கில்தான் அறிவியல் பாடம் இருக்கிறது. வகுப்பறையில் எண்ணெய் விளக்கை ஒப்பிட்டுக் காட்ட ஒருமுறை ஏற்றினால் போதும். அட்டையும் துணியும் இருக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம். எல்இடி ஒற்றை விளக்கைத் திரையிலிருந்து 150 செண்டிமீட்டரில் வையுங்கள். பாவை உயரம் 30 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழலும் 30. விளக்கிலிருந்து 100 செண்டிமீட்டரில் பிடித்தால் நிழல் 45. இன்னும் நெருக்கி 50 செண்டிமீட்டரில் பிடித்தால் 90. சூத்திரம் எளிது: விளக்குக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரத்தால் வகுத்துப் பாவை உயரத்தால் பெருக்கவேண்டும்.

பெரிதாகும்போது நிழலின் ஓரம் மங்கும். விளக்கின் அகலம் 1 செண்டிமீட்டர் என்றால், கடைசி நிலையில் ஓரத்தில் 2 செண்டிமீட்டருக்கு அரைநிழல் விழும். இதைக் குறை என்று பார்க்காதீர்கள். வஞ்ச மகளின் வேடம் கலைந்து அரக்கி உருவம் வெளிப்படும் இடத்தில் பாவையை மெல்ல விளக்கை நோக்கி இழுத்தால், அவள் திரை முழுக்க வளர்ந்து, ஓரம் கரைந்து நிற்பாள். சிறு பிள்ளைகள் கத்துவார்கள். கூத்துமாடத்தில் இப்படிச் செய்வதில்லை. அங்கே பாவை துணியோடு ஒட்டியே இருக்கும், 21 சுடரும் சேர்ந்து நிழலை நடுங்கவைக்கும். இரண்டும் வேறு என்பதை நிகழ்ச்சியிலேயே சொல்லிவிடுங்கள். நாம் செய்வது கூத்து அல்ல, கூத்துக்குப் போகும் வழி.

புரொஜெக்டரையே விளக்காகவும் பயன்படுத்தலாம். பஞ்சவடிக் காட்டைப் பிள்ளைகள் வரைந்து, படம் பிடித்து, திரைக்குப் பின்னாலிருந்து வீசினால், அதன் நடுவே பிடிக்கும் பாவையின் நிழல் காட்டுக்குள் நடக்கும். பார்ப்பவர்கள் திரையின் மறுபக்கம் இருப்பதால் இடம் வலம் மாறும். எழுத்து ஏதாவது இருந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரியும். புரொஜெக்டரின் அமைப்பில் பின்புற வீச்சு என்ற தேர்வு இருக்கும், அதை இயக்கினால் சரியாகிவிடும்.

படி 6: மோட்டார்

இதற்கு முன்னோடிகள் புலவர் குடும்பத்திலேயே இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஷொர்ணூர் அருகே கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கூத்தைக் கோயில் மாடத்திலிருந்து வெளி மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காந்தி வாழ்க்கையைப் பாவையில் ஆடியதும், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் பெண்கள் குழு ஒன்றை அமைத்ததும், ரோபோட்டிக் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து தோற்பாவைகளை மோட்டாரில் ஆடவைத்ததும் அந்தக் குடும்பம்தான். மரபு கெட்டுவிடும் என்று நம் பக்கம் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

கேரளத்தில் பள்ளிக் கல்வித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் அரசின் கைட் நிறுவனம் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றம் உங்கள் உயர்நிலைப் பள்ளியில் இருந்தால், மோட்டாரை நிரலால் இயக்கும் ஆர்டுயினோ பலகையும் சிறு மோட்டார்களும் பெட்டியில் இருக்கும். பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் என்ற எளிய நிரல்மொழி தெரிந்திருக்கும். இல்லையென்றால் கோவையில் உதிரிபாகக் கடைகளில் வாங்கலாம். தேவை மூன்று சிறிய சர்வோ மோட்டார்: ஒன்று இடுப்புக்கு, ஒன்று கைக்கு, ஒன்று தலைக்கு. இந்த நீலநிறச் சிறு மோட்டார்கள் 180 பாகை வரை திரும்பும். 5 வோல்ட் போதும். அட்டைப் பாவையைத் தாராளமாகத் தூக்கும். தோல் பாவையைக் கட்டிப் பார்க்காதீர்கள், மோட்டாருக்குள் இருக்கும் சக்கரத்தின் பல் உடைந்துவிடும்.

மூன்று மோட்டாருக்கும் மின்சாரத்தை ஆர்டுயினோ பலகையிலிருந்தே எடுக்கக்கூடாது. மூன்றும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது பலகை மயங்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சூர்ப்பணகை பாதி வழியில் நின்று ஆரம்பத்துக்கே திரும்பிப் போவாள். தனி 5 வோல்ட் அடாப்டர் வைத்து, அதன் எதிர்முனையைப் பலகையின் எதிர்முனையோடு இணைத்துவிடுங்கள்.

நிரல் எழுதுவது பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. படி 4இல் கிடைத்த பதினாறு நேரங்கள் ஒரு பட்டியல். ஒவ்வொரு நேரத்துக்கும் இடுப்பு, கை, தலை எத்தனை பாகை என்று மூன்று எண்கள். நேரம் வந்ததும் அந்த எண்களுக்குப் போ, அவ்வளவுதான். இடுப்பு முதல் மூன்று சீருக்கும் பக்கத்துக்குப் பக்கம் 15 பாகை ஆடட்டும். ஒவ்வொரு அடியின் நான்காம் சீரில் நிற்கட்டும். ‘மஞ்ஞையென’ வரும்போது கழுத்து எழும்பும், ‘அன்னமென’ வரும்போது தாழும். ‘நஞ்சமென’ என்ற சீருக்கு என்ன என்பதை வகுப்பு இன்னும் முடிவு செய்திருக்காது. இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு நிரல் எழுதுங்கள். நிகழ்ச்சியன்று இரண்டையும் காட்டிப் பார்வையாளர்களைக் கை தூக்கச் சொல்லலாம்.

பார்க்கவேண்டிய ஒரு சிறு விஷயம்: ஒரே தாவலில் 0விலிருந்து 60க்குப் போகச் சொன்னால் பாவை உதறும். இரண்டிரண்டு பாகையாக, நடுவில் 15 மில்லிநொடி இடைவெளி விட்டு நகர்த்தினால் நடை வரும். மோட்டார் ‘கிர்’ என்று சத்தம் போடும். அதை மறைக்க இலத்தாளம் இருக்கிறது.

எல்லாப் பாவையையும் மோட்டாரில் ஓட்டாதீர்கள். சூர்ப்பணகை மட்டும் இயந்திரம். இராமனைக் கையால் ஆட்டட்டும். அரக்கியின் நடை வரிபிசகாத போலி நடை, எதிரே நிற்பவன் மனிதன் என்று அதற்கு ஒரு பொருளும் வந்துவிடும். கையால் ஆட்டும் பிள்ளைக்கு இயந்திரத்தைவிட அதிகம் கைதட்டு விழும் என்பதையும் பார்ப்பீர்கள்.

படி 7: எழுத்தும் மொழியும்

திரைக்குக் கீழே தமிழிலும் மலையாளத்திலும் ஓர் எழுத்துப் பட்டை ஓடவேண்டும். தலைமுறையாக எல்லையில் இருப்பவர்களில் பலர் தமிழ் பேசுவார்கள், மலையாளம்தான் படிப்பார்கள். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் அப்படியே எழுதிப் போட்டால் பாட்டிமார்களும் சேர்ந்து பாடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றி: உரையைக் குரலாக்கும் செயலிகள் செய்தியை நன்றாகவே வாசிக்கின்றன. கம்பனைக் கொடுத்தால் சீர் பிரிக்காமல், மூச்சு நிறுத்தும் இடம் தெரியாமல், அலுவலக அறிவிப்புபோல் வாசிக்கும். புலவரின் விரிவுரையைக் கேட்டு எழுத்தாக்கச் சொன்னால் இன்னும் மோசம். தமிழும் மலையாளமும் வடமொழியும் ஒரே வாக்கியத்தில் வருவதால் கருவி திணறுகிறது. முதல் வரைவுக்குப் பயன்படுத்துங்கள், பிறகு வரிக்கு வரி ஒரு பெரியவரோடு உட்கார்ந்து திருத்துங்கள். அந்தத் திருத்தும் வேலையே தனிப் பாடம்.

படி 8: சுவரோரக் கண்காட்சி

நிகழ்ச்சிக்கு முன்னால் அரை மணி நேரம் மக்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்குச் சுவரில் ஆறேழு தாள் போதும்: கூத்துமாடத்தின் படம், ஆடல்பற்று, இசைக்கருவிகள், ஆந்திரப் பாவையும் நம் பாவையும், எழுத்தச்சன், நிழல் கணக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு க்யூஆர் குறியீடு. கைபேசியைக் காட்டினால் ஒரு நிமிட ஒலி. ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் நின்று கேட்பதில்லை.

எவ்வளவு தூரத்திலிருந்து காட்டுவார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறியீட்டை அச்சிடவேண்டும். அரை மீட்டர் தூரத்துக்கு 5 செண்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். எல்லையூர்களில் கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்பது அதற்கே தெரியாது. அதனால் இணையத்தை நம்பாமல் மடிக்கணினியிலிருந்தே பள்ளி வைஃபை மூலம் ஒலியைத் தரும்படி அமையுங்கள். கைபேசி இல்லாதவர்களுக்கு ஒரு மேசையில் பழைய கைபேசியும் ஹெட்போனும். படத்தின் மேல் கைபேசியைப் பிடித்தால் பாவை எழுந்து ஆடும் மிகைநிகர் காட்சியை எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம், இலவசக் கருவிகளே இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் பாதி நேரம் வேலை செய்யாது. எனக்கு அது தேவையாகப் படவில்லை.

படி 9: அன்று மாலை

ஏழு மணிக்கு முன் தொடங்கினால் வெளிச்சம் நிழலைத் தின்றுவிடும். வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் செண்டை. பிறகு எல்லா விளக்கையும் அணைத்து, திரைக்குப் பின்னால் ஒரே விளக்கு. பிள்ளை ஒருத்தி பாட்டை ஒருமுறை சொல்கிறாள், பொருள் சொல்லவேண்டாம். புலவர் குரலோடு மோட்டார்ப் பாவை நடக்கிறது. அடுத்துப் பொருள். அதற்கு அடுத்து அதே நடை மறுபடி. பொருள் தெரிந்தபின் இரண்டாவது தடவை பார்க்கும்போது ‘நஞ்சம்’ வரும் இடத்தில் கூட்டம் காத்திருக்கும். பிறகு அரக்கி வளர்வது, கைதூக்கல், கடைசியில் புலவர் வந்திருந்தால் அவர் கையால் உண்மையான தோற்பாவை ஒன்றை ஐந்து நிமிடம். இயந்திரத்துக்குப் பின் கை வரவேண்டும். முறை மாறினால் புலவர் முன்னுரை சொல்ல வந்தவர்போல் ஆகிவிடுவார்.

முடிந்ததும் கூட்டத்தைப் பின்பக்கம் வரச் சொல்லுங்கள். கம்பி, மோட்டார், நிரல், அட்டை, ஒட்டுநாடா எல்லாவற்றையும் பார்க்கட்டும். செய்த பிள்ளைகளே விளக்கட்டும், ஆசிரியர் வாயைத் திறக்கவேண்டாம். வினாடி வினா வைத்து மதிப்பெண் போடுவதைவிட இது நல்ல தேர்வு. சீர் என்றால் என்ன என்று ஒரு லாரி ஓட்டுநருக்குப் புரியும்படி சொன்ன பிள்ளைக்கு அது தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வரும்போதே ஒரு தாளில் பெயரும் கைபேசி எண்ணும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூத்துக் காலத்தில் எந்தக் கோயிலில் என்றைக்கு என்று அவர்களுக்குச் சொல்லி, வேன் ஏற்பாடு செய்யவேண்டும். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும் என்பதால் போர்வை எடுத்துவரச் சொல்லுங்கள்.

படி 10: எடுத்து வைப்பது

ஒலிக் கோப்புகளின் பெயரில் பாடியவர், ஊர், ஆண்டு இருக்கட்டும். ஒரு பிரதி பள்ளியில், ஒன்று வாசகசாலையில், ஒன்று பென் டிரைவில் புலவர் வீட்டில். நிரலையும் பதினாறு நேரங்களின் பட்டியலையும் தாளில் அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். கணினி மாறினாலும் அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதிலிருந்து தொடங்குவார்கள். அட்டைப் பாவைகளை வைகாசி பாதி ஆவதற்குள் செய்தித்தாள் சுற்றிப் பரணில் ஏற்றிவிடவேண்டும். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் ஈரத்தில் அட்டை சுருண்டு, பித்தளைப் பின்னில் களிம்பு ஏறிவிடும். மோட்டார்களைக் கழற்றி லிட்டில் கைட்ஸ் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பெட்டிக்குப் பொறுப்பான டீச்சர் அடுத்த முறை தரமாட்டார்.